பதினான்கு கிராம் அடுப்பு

தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஐயா. அதுவரை நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். தீக்குச்சியை உள்ளே வைத்ததும் ‘சுஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டதல்லவா, அடுப்பு பற்றிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். சுடர் தெரியவில்லையே என்று பார்க்காதீர்கள். ஸ்பிரிட் அடுப்பின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதன் அழகே அதுதான். புகையில்லை, கரியில்லை, இரைச்சலில்லை. வேலை செய்வதே தெரியாமல் வேலை செய்யும். எங்கள் அலுவலகத்தில் என்னைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறவன். மூட்டையைக் கையில் தூக்கினாலே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். தராசு அதற்குப் பிறகு ஆமாம் போடும், அவ்வளவுதான். மனிதர்களைப் பார்த்தாலும் எடைதான் முதலில் கண்ணில் படும், முகம் பிறகுதான். நீங்கள் எழுபத்தெட்டு. பூட்ஸைக் கழற்றினால் எழுபத்தாறரை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொழில் புத்தி.

இந்த அடுப்பை நானே செய்தேன். இரண்டு குளிர்பான டின்களின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றிக் குண்டூசியால் துளை போட்டால் முடிந்தது. நடுவில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால், ஆவி சூடேறி ஒவ்வொரு துளை வழியாகவும் எரியும். எடை பதினான்கு கிராம். ஸ்பிரிட்டைப் பெயிண்ட் கடையில் வாங்குவேன். கடைக்காரர் முதல் தடவை, “கதவுக்குப் பாலிஷ் போடவா?” என்று கேட்டார். டீ போட என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மிகவும் கனிவாக நடந்துகொண்டார். பாட்டிலை நீட்டும்போதெல்லாம், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்.

என் மனைவியும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தாள். ஸ்பிரிட் வாடையோடு சமையலறைத் தரையில் குந்தியிருந்து, ஒரு டின்னை முறைத்துக்கொண்டிருக்கும் புருஷனைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். உண்மை தெரிந்ததும் அவள் முகம் தொங்கிப்போனது. குடியென்றால்கூட அதற்கு மருந்து மாத்திரை இருக்கிறது என்று தன் அண்ணனிடம் சொல்லி வருத்தப்பட்டாளாம்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலைக்குப் போகும்போது பல் துலக்கும் பிரஷ்களின் கைப்பிடியை நான் அறுத்துவிடுவேன். பிரஷ் இரண்டு விரலால் பிடிக்கிற அளவுக்கு இருந்தால் போதும், ஆறு கிராம் மிச்சம். ஒரு தடவை அவசரத்தில் மருத்துவமனை முதலாளி அவளுக்குப் பரிசாகக் கொடுத்த பிரஷையும் அறுத்துவிட்டேன். அது பேட்டரியில் ஓடுகிற பிரஷ். அவள் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் பாருங்கள், அறுத்த பிறகு அதன் எடை பாதிகூட இல்லை.

தண்ணீர் பாட்டில்களிலும் லேபிளை உரித்துவிடுவேன். ஒரு லேபிள் ஒரு கிராம். இந்தப் பயணத்துக்கு ஒரே மாதிரி மூன்று பாட்டில்கள் எடுத்துக்கொண்டேன். இரண்டில் தண்ணீர், ஒன்றில் ஸ்பிரிட், நிறமில்லாத ரகம். மூன்றும் வரிசையாக நின்றபோது மூன்று பிள்ளைகள் போல அழகாக இருந்தன. ஸ்பிரிட் பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்டாவது போடுங்கள் என்றாள் மனைவி. ரப்பர் பேண்டுக்கும் எடை உண்டு என்று பொறுமையாக விளக்கினேன். எது எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அடையாளம் எதற்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை நான்கு மலைகளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நான்கிலும் அவளுக்கு உச்சியில் டீ போட்டுக் கொடுத்தேன். அது சூடாக இல்லை என்பது அவள் கட்சி. வெதுவெதுப்பும் சூட்டில் சேர்த்திதான் என்பது என் கட்சி. போன மாதம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவை வர்றேன். உச்சியில எனக்கு ஒரு டம்ளர் டீ, ஆவி பறக்கணும். போட்டுக் குடுத்தீங்கன்னா, அப்புறம் எந்த மலைக்குக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காம வர்றேன். இல்லேன்னா அந்த டப்பாவோடயே குடும்பம் நடத்துங்க.”

அவள் கத்தியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு, “அண்ணனும் வரட்டும்” என்றாள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பாசமுள்ள தங்கை என்றுதான் நினைத்தேன்.

என் மச்சானை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இப்போது பின்பக்கம் உங்கள் வனக் காவலர்கள் சிரித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அவர்தான். ஒரு தொழிற்சாலையில் கேண்டீன் நடத்துகிறார். எல்லோரும் அவரை ‘பாய்லர்’ என்று கூப்பிடுவார்கள், அவரும் என்ன என்று திரும்பிப் பார்ப்பார். எடை தொண்ணூற்று நான்கு. கிளம்பிய அன்று காலை பேருந்து நிலையத்துக்கு அவர் வந்தபோது நூற்று ஆறாக இருந்தார். நான் பையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். உள்ளே ஐந்து கிலோ காஸ் சிலிண்டர், அதன் தலையில் திருகுகிற பர்னர், அலுமினியப் பாத்திரம், டீ வடிகட்டி இரண்டு. சிலிண்டர் என்றால் காஸ் மட்டும் ஐந்து கிலோ, இரும்பு தனி. படிக்கட்டில் போய்ச் சற்று உட்கார்ந்துகொண்டேன்.

முதல் நாள் சாயங்காலம் உங்கள் இந்த வனச் சாவடிக்கு நேர் மேலே இருக்கிற புல்மேட்டில் கூடாரம் போட்டோம். நான் அடுப்பை வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றிலும் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தி, ஸ்பிரிட்டை ஊற்றினேன். குளிரில் இது உடனே பிடித்துக்கொள்ளாது. முதலில் டின்னை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்ற வேண்டும், ஒரு கைக்குழந்தையைப் போல. நான் அப்படி உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்தில் மச்சானின் பர்னர் உறுமத் தொடங்கியது. நான் டின்னைத் தரையில் வைப்பதற்குள் அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தப் புல்மேட்டில், அத்தனை உயரத்தில், ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு ஒரு முழ நீளத்துக்கு ஆற்றினார்.

என் மனைவி அதை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அதை மட்டும் நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் போடும் டீயை அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் குடிப்பாள், உள்ளே என்ன மிதக்கிறது என்று பார்ப்பதற்காக. கல்யாணமான இத்தனை காலத்தில் நான் கொடுத்த எதையும் அவள் கண் மூடிக் குடித்ததில்லை. “நீயும் ஒரு வாய் குடி மாப்ள” என்றார் மச்சான். என்னுடையது ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன்.

வயிற்றெரிச்சல் என்று அவள் பிறகு சொன்னாள். அது நியாயமில்லை. என் வயிற்றில் ஏதாவது எரிந்திருந்தால் அதன்மேல் பாத்திரத்தை வைத்திருப்பேன்.

டீ குடித்த களைப்பில் இருவரும் கூடாரத்துக்குள் கண்ணயர்ந்தார்கள். நான் வெளியே உட்கார்ந்து மூவருடைய சுமையையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் சிலிண்டர் உறுத்தியது. அது சரிவில் ஒரு கல்லின் முட்டில் நின்றிருந்தது. நான் சிலிண்டரைத் தள்ளவில்லை, ஐயா. பர்னரும் பாத்திரமும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் அவற்றையும் தொடவில்லை. அந்தக் கல்லை மட்டும் எடுத்து, வேறு இடத்தில் வைத்தேன். நல்ல கல், கூடாரத்துக்கு உதவும் என்று. மற்றதெல்லாம் சிலிண்டராக எடுத்த முடிவு.

கீழே உங்கள் கழிப்பறை இருப்பது எனக்குத் தெரியாது. தகரக் கூரை என்பதும், அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே இருந்தீர்கள் என்பதும் இன்றைக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும். நீங்கள் எந்த நிலையில் வெளியே ஓடி வந்தீர்கள் என்பதைக் காவலர்கள் மச்சானிடம் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருப்பது இங்கேவரை கேட்கிறது. அதற்கு நான் உளமார வருந்துகிறேன். ஆனால் கழிப்பறைக் கூரைக்கு அவ்வளவு கனமான தகரம் தேவையா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மச்சான் எழுந்து தேடினார். கரடி என்று முடிவுக்கு வந்தவர் அவர்தான், நான் இல்லை. “தேன் டின்னுன்னு நினைச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கும் மாப்ள. பாவம், என்ன பசியோ” என்றார். கரடிக்காக அவர் உண்மையாகவே கவலைப்பட்டார், கீழே போட்டுக் காலில் அடிபட்டுக்கொள்ளப் போகிறதே என்று. வாயில்லாப் பிராணிமேல் பழி விழுகிறதே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் மறுத்துப் பேசினால் பேச்சு நீளும்.

இரண்டாம் நாள் முழுவதும் மூன்று பேருக்கும் என் அடுப்புதான். எனக்கு அது பெருமையான நாள், மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்த அடுப்பு ஒருவருக்கு அளவெடுத்த சட்டை. பாத்திரத்தில் மூவருக்கும் தண்ணீரை நிரப்பி வைத்ததும் திணறியது. காற்று வேறு. ஸ்பிரிட்டை மேலும் மேலும் ஊற்ற வேண்டிவந்தது. நூடுல்ஸை ஊற வைத்துச் சாப்பிட்டோம். மச்சான் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, இதை வைத்துக் கொடி கட்டலாம் என்றார், துணி காயப்போட. மனைவி சிரித்தாள். அவர் மனதில் வஞ்சகம் கிடையாது, வாய்தான் கொஞ்சம் நீளம்.

அன்று சாயங்காலம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். கையே சொல்லிவிட்டது. உச்சியில் இரண்டு டம்ளர் டீக்குத்தான் ஸ்பிரிட் இருந்தது. நாங்கள் மூன்று பேர்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தனக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதை யோசித்தேன். ஆனால் இரண்டு டம்ளர் டீயை அவர்கள் இருவரும் குடிப்பார்கள், அவள் கண்ணை மூடுவாள், பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அந்த டீயை ஆற்றிக் கொடுக்கிறேன் என்று டம்ளரைக் கையிலிருந்து வாங்கிவிடுவார். பிறகு அது யார் போட்ட டீ என்று யாருக்கு நினைவிருக்கும்? அந்தக் கண் மூடல் எனக்கு வேண்டியிருந்தது, ஐயா. சாதாரண ஆசைதான். இன்னொரு கோணத்திலும் பார்த்தேன். மலையேற்றத்தில் சுமை மிஞ்சினால் எல்லாவற்றிலும் கனமான பொருளை முதலில் இறக்க வேண்டும். எங்கள் குழுவில் எல்லாவற்றிலும் கனமான பொருள் தொண்ணூற்று நான்கு கிலோ இருந்தது.

இன்று காலை மனைவி ஓடையில் முகம் கழுவப் போயிருந்தாள். பாதை பிரிகிற இடத்துக்கு மச்சானை முன்னாலேயே கூட்டிப் போனேன். வலது பக்கம் உச்சி. இடது பக்கம் உங்கள் சாவடி. இடது பக்கம் காட்டி, “நீங்க மெதுவா நடங்க மச்சான், நாங்க பின்னாலயே வந்து பிடிச்சுக்கறோம்” என்றேன். நான் எதிர்பார்த்ததைவிட அவர் புத்திசாலி.

“இறங்குதே மாப்ள?”

“ஏறுறதுக்கு முன்னாடி கொஞ்சம் இறங்கித்தான் ஏறணும் மச்சான்.”

“அதானே பார்த்தேன்” என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு மனது கேட்கவில்லை. போகிற வழியில் தாகம் எடுக்குமே என்று என் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். கல்நெஞ்சக்காரன் என்று காவலர் ஒருவர் சற்று முன்னால் சொன்னார். அந்தப் பாட்டிலை நினைத்துப் பார்த்துவிட்டு அவர் பேச வேண்டும்.

மனைவி வந்ததும் அண்ணனுக்கு முட்டி வலி, தானாகவே இறங்கிப் போய்விட்டார் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடக்கத் தொடங்கினாள். அதே நேரத்தில் மச்சான், உச்சி இதோ வந்துவிடும் அதோ வந்துவிடும் என்று நம்பிக்கொண்டே மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் உங்கள் வாசலுக்கு வந்து, உச்சி இன்னும் எவ்வளவு தூரம் என்று உங்களிடமே கேட்டாராமே. கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவர், கழிப்பறைக் கூரையில் தன்னுடைய சிலிண்டரைப் பார்த்திருக்கிறார். கரடி உங்களுடையதா என்று விசாரித்தாராம்.

நாங்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கீழே மேகம், மேலே நாங்கள் இருவர் மட்டும். நான் நினைத்துப் பார்த்த மாதிரியே எல்லாம் இருந்தது. அடுப்பை வைத்தேன். பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். மூன்று நாளாக என் கை, சட்டை, பை எல்லாமே ஸ்பிரிட் வாடைதான், எதை முகர்ந்தாலும் அதுதான் வரும். தீக்குச்சியை உள்ளே வைத்தேன். சுஸ் என்றது. பாத்திரத்தை ஏற்றினேன்.

அவள் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து டம்ளரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் எனக்காக அப்படிக் காத்திருந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வெகு நேரம் காத்திருந்தாள். நிழல் எங்கள் காலடிக்கு வந்துவிட்டது.

“எரியலீங்க” என்றாள்.

“வெயில்ல தெரியாது” என்றேன்.

அவள் எழுந்து வந்து பாத்திரத்துக்குள் விரலை விட்டாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. “வாங்க, இறங்கலாம்” என்றாள், டம்ளரைக் கவிழ்த்து என் பைக்குள் வைத்தாள். வழி முழுக்க முன்னால் நடந்தாள். ஒரு இடத்தில் மட்டும் நின்று, திரும்பாமல், “அண்ணனுக்கு முட்டி வலியே கிடையாதே” என்றாள்.

இங்கே வந்து சேர்ந்தபோது அவர் உங்கள் வராந்தாவில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஆக, நான் செய்தது இவ்வளவுதான். கல்லை நகர்த்தினேன். கரடியைக் காப்பாற்றவில்லை. என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனைத் தப்பான பாதையில் தெரிந்தே அனுப்பினேன். அவளிடம் பொய் சொன்னேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். கூரைக்கான தகரத்தை வாங்கித் தருகிறேன். கனம் குறைந்த ரகமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்கிற இன்னொன்றைத்தான் ஏற்க முடியவில்லை. நான் மச்சானுக்குக் கொடுத்த பாட்டிலில் தண்ணீரே இல்லை, ஸ்பிரிட்தான் இருந்தது என்கிறீர்கள். குடிக்கப் போனவர் வாடை பட்டு நிறுத்திக்கொண்டாராம், கேண்டீன்காரர் மூக்கு. வழுக்கி விழுந்ததில் கையில் பட்ட சிராய்ப்பை அதை வைத்துத் துடைத்திருக்கிறார். நல்ல வேளை பாட்டிலைக் கொடுத்தாய் மாப்ள என்று என்னைக் கட்டிப்பிடித்து நன்றி வேறு சொன்னார். நீங்கள் அந்தப் பாட்டிலில் ஒரு சொட்டைத் தட்டில் ஊற்றிப் பற்றவைத்தும் காட்டினீர்கள். எரிந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அப்படியென்றால் என் பையில் மிஞ்சியது தண்ணீர் பாட்டில் என்றாகிறது. நான் உச்சியில் என் பெண்டாட்டியை உட்கார வைத்து, அவள் கண் எதிரே, தண்ணீரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன் என்றாகிறது. மூட்டையைத் தொட்டு எடை சொல்கிறவன் நான். தண்ணீர் ஸ்பிரிட்டைவிடக் கனம். கையில் எடுத்தால் எனக்குத் தெரியாதா? கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

சற்று முன்னால் என் மனைவி வந்தாளே, பார்த்தீர்களா? அண்ணன் போட்ட டீயில் ஒரு டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஆவி பறக்கிறது பாருங்கள். அதை வைத்தபோது அவள் கை என் தோளில் ஒரு கணம் இருந்தது என்று நினைக்கிறேன். குடிக்கச் சொல்லித்தான் வைத்திருக்கிறாள். குடிக்கலாம்தான். ஆனால் என்னுடையது ஆகிக்கொண்டிருக்கிறது, பாதியில் விட மனசு வரவில்லை. உங்களுக்கு ஒரு டம்ளர், அவளுக்கு ஒரு டம்ளர். உச்சியிலிருந்து கொண்டுவந்த என் பாட்டிலில் மிச்சம் இருந்ததையெல்லாம் இதில்தான் ஊற்றியிருக்கிறேன்.

ஐயா, விரலை விடாதீர்கள், சுட்டுவிடும். பாத்திரத்துக்குள் விட்டாலும் பரவாயில்லை, அடுப்புக்குள்ளேயே விடுகிறீர்களே.

ஒன்றும் இல்லையா? உள்ளே ஈரமாக மட்டும் இருக்கிறதா?

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காகக் காட்டில் வேலை பார்த்த கை, மரத்துப்போயிருக்கும்.